தொட்டிலை ஆட்டுவது யார்?

(திருப்பூரில் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அய்யா அவர்களே, இத்தனை வேலைகளுக்கு நடுவிலும் வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, என்னோடு ஒரே பள்ளியில் பணியாற்றி இன்று தலைமை ஆசிரியராக உயர்ந்திருக்கும் தங்கை அவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்தீர்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

பிள்ளை வளர்ப்பில் குடும்பம், பள்ளிக்கூடம், செல்போன் என்று மூன்றாகப் பிரித்துப் பேச வந்திருக்கிறேன். முதலில் குடும்பம்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்கிறோம். அந்தத் தொட்டிலை ஆட்டுவது யார்? கூட்டுக் குடும்பத்தில் அப்பத்தா, அத்தை, சித்தி என்று ஆள் மாற்றி ஆள் இருந்தார்கள். அந்தக் காலமே பொற்காலம் என்று நான் சொல்லவில்லை; மருமகள்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது.

நான்காம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவி. தேனிப் பக்கத்துப் பிள்ளை. வாய்ப்பாட்டில் புலி, ஆனால் அடிக்கடி வரமாட்டாள். ஒருநாள் அவள் இருந்த லைன் வீட்டுக்கே போய்விட்டேன். ஒற்றை அறை. உத்தரத்தில் சேலைத் தூளி. உள்ளே இரண்டு வயதுத் தம்பி. இவள் ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டே, மடியில் நோட்டை வைத்து வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஏன் கண்ணு, பள்ளிக்கூடம் வரலையா?" என்றேன்.

"மெதுவாப் பேசுங்க டீச்சர், தம்பி முழிச்சுக்குவான்" என்றாள்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை. ஊரிலிருந்து வந்த பாட்டி, அந்த அறையில் நான்கு பேரோடு காலை நீட்ட இடமில்லாமல் திரும்பிப் போய்விட்டாராம். அந்தத் தம்பி யாரை 'அம்மா' என்று கூப்பிட்டான் தெரியுமா? அக்காவைத்தான். ஒன்பது வயது அக்காவை!

அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஷிப்டை விட்டால் வாடகை யார் கொடுப்பது?

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே குழந்தைகள் காப்பகம் இருந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்று 2017-இல் மகப்பேறு சட்டத்திலும் சேர்த்தார்கள். ஆனால் பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும், சந்துக்குச் சந்து இருக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டில் பத்துப் பேர், இருபது பேர். அந்தத் தாய்மார்களுக்கு எது வழி? அங்கன்வாடி இருக்கிறது, சாயங்காலம் ஷிப்ட் முடிவதற்கு வெகு முன்பே பூட்டிவிடுகிறார்கள். 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளியில் மதிய உணவு வந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு தந்தார், 2022-இல் காலை உணவும் வந்தது. பிள்ளையின் பசியை அரசின் பொறுப்பாக எடுத்துக்கொண்ட மாநிலம் இது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்றால், அந்தத் தொட்டிலையும் அரசு எடுத்துக்கொள்ளட்டும்.

தொழிலாளர் குடியிருக்கும் ஒவ்வொரு வார்டிலும் இரவு ஒன்பது மணி வரை காப்பகம் வேண்டும். பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு முழுச் சம்பளம் வேண்டும். அங்கன்வாடி ஊழியர் தலையிலேயே இதையும் கட்டக் கூடாது.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் செல்போனைப் பற்றியும் பேச நேரமில்லை; தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசலில் மேசைமேல் கோரிக்கை மனு இருக்கிறது. மாமன்ற உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்துப் போட வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். பேனாவும் அங்கேயே இருக்கிறது. வணக்கம்.