லாரி வரும் நாள்

(ராயபுரத்தில் ஒரு படிப்பகத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். "ரோட்டோரத்து மக்களுக்கு ஏதாவது செய்யணும் சார்" என்று மழைக்காலம் வந்தால் நாலு பேராவது என்னிடம் கேட்பார்கள். போர்வை, பிரியாணிப் பொட்டலம். தப்பில்லை, கொடுங்கள். நான் பேச வந்தது, நடைபாதைக் கடைகளை அள்ளிப்போக மாநகராட்சி லாரி வரும் நாளைப் பற்றி.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் கீரை விற்கும் ஆயா ஒருவர் இருக்கிறார். ஈரச் சாக்கு, கிழிந்த குடை, இடுப்பில் சுருக்குப்பை. பைக்குள் தண்டல் நோட்டு. 9,000 ரூபாய் கையில் வாங்கி, தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்டுகிறார். ஒருநாள் லாரி வந்தது. கீரை, சாக்கு, குடை எல்லாம் ஏறிப்போனது. சாயங்காலம் தண்டல்காரர் வழக்கம்போல் வந்தார். லாரி வந்தது அவருக்கும் தெரியும். ஆனால் நோட்டில் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாதே!

அன்றைக்கு நான் டீ கிளாஸோடு அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. என்ன கேட்பது என்றே தெரியாது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். தெரு வியாபாரிகளுக்கென்றே 2014-ல் மத்திய சட்டம் வந்திருக்கிறது. இடத்தைவிட்டு அப்புறப்படுத்த 30 நாள் நோட்டீஸ் வேண்டும். பொருளை எடுத்தால் பட்டியல் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். கட்டணம் கட்டிக் கேட்டால், அழுகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றதை இரண்டு வேலை நாளில். தெரு வியாபாரத்தைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர், வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். ஆயாவிடம் சொன்னேன். "அப்படியா கண்ணு" என்று கொத்தமல்லிக்குத் தண்ணீர் தெளித்தார்.

பிராட்வே பக்கம் நடைபாதையிலேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் கதை இன்னும் சிக்கல். பிழைப்பும் உயிர்வாழும் உரிமையில் சேர்ந்ததுதான் என்று உச்ச நீதிமன்றம் 1985-ல், பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் சொன்னது. நடைபாதையில் குடியிருக்க உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இதை மறைத்துவிட்டுப் பேசினால் நாளைக்கு அந்த மக்கள்தான் ஏமாறுவார்கள்.

சரி, நாம் என்ன செய்யலாம்? லாரி வரும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். சண்டை வேண்டாம். பட்டியல் மட்டும் கேளுங்கள்.

அடுத்த முறை லாரி வந்தபோது நானும் பரோட்டா கடைத் தம்பியும் போய் நின்றோம். "லிஸ்ட் எழுதிக் குடுத்துட்டு எடுங்க சார்." வந்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். கட்டுகளை எண்ண அவருக்குப் பொறுமையில்லை, "ஒரு இருபது இருக்குமா?" என்றார். ஆயா சாக்கை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்துவைத்து எண்ணினார். "முப்பத்தி நாலு. எழுதிக்கோ."