வழியனுப்பிய பிறகு

அன்பானவர்களே, உங்கள் யாவருக்கும் ஸ்தோத்திரம்.

மிஷனெரி ஞாயிறு என்றால் போனவர்களின் கதையைச் சொல்வதுதான் வழக்கம். கடல் தாண்டியது, காய்ச்சலில் விழுந்தது, அடி வாங்கியது என்று அந்தக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. எனக்குக் கொடுத்திருக்கிற நேரத்தில் நான் போகாதவர்களைப் பற்றிப் பேசப்போகிறேன். ஒரு குடும்பத்தை ஆலயத்தின் முன்னால் நிறுத்தி, கைவைத்து ஜெபித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வழியனுப்பிவிடுகிறோம். சரி, திங்கட்கிழமை விடிந்ததும் அந்தச் சபைக்கு என்ன வேலை?

அப்போஸ்தலர் 13ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தியோகியா சபையில் தீர்க்கதரிசிகளும் போதகர்களுமாக ஐந்து பேருக்குப் பெயர் சொல்லியிருக்கிறது. பர்னபா, நீகர் எனப்பட்ட சிமியோன், சிரேனே ஊரானாகிய லூகி, மனாயீன், சவுல். இந்த ஐவரில் பரிசுத்த ஆவியானவர் கேட்டது பர்னபாவையும் சவுலையும். ஒரு வருஷம் முழுவதும் அந்தச் சபைக்கு உபதேசம்பண்ணின இரண்டு பேர். “இங்கேயே வேலை தலைக்குமேல் இருக்கிறது, வேறு யாரையாவது அனுப்பலாமே” என்று யாரும் முணுமுணுத்ததாக எழுதவில்லை. உபவாசித்து, ஜெபித்து, அனுப்பிவிட்டார்கள். அப்புறம் 14ஆம் அதிகாரத்தின் கடைசியில் அந்த இருவரும் எங்கே திரும்பி வருகிறார்கள் என்று பாருங்கள். அதே அந்தியோகியாவுக்கு. சபையைக் கூட்டி நடந்ததையெல்லாம் அறிவிக்கிறார்கள். அதோடு வெகுநாள் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். லிஸ்திராவில் கல்லெறிந்து, செத்தான் என்று நினைத்து ஊருக்கு வெளியே இழுத்துப் போட்ட மனிதனுக்கு, வந்து தங்க ஓர் இடம் இருந்தது.

பணம் என்று வந்தால் பிலிப்பி சபையைப் பார்க்க வேண்டும். பவுல் தெசலோனிக்கேயில் இருந்தபோதே ஒருதடவைக்கு இரண்டுதடவை உதவி அனுப்பியவர்கள் அவர்கள். நடுவில் கொஞ்ச காலம் அனுப்ப முடியாமல் போயிற்று. உங்களுக்கு மனம் இருந்தது, சமயம்தான் வாய்க்கவில்லை என்று பவுலே அவர்களுக்காகப் பரிந்து பேசுகிறார். பிறகு அவர் காவலில் இருக்கும்போது மறுபடியும் அனுப்பினார்கள். யார் கையில்? எப்பாப்பிரோதீத்து என்ற தங்கள் சொந்த ஆளின் கையில். அவன் கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பிவிடவில்லை. கூட இருந்து பணிவிடை செய்தான், வியாதிப்பட்டான், சாகிற நிலைக்கே போய்விட்டான். அந்தச் செய்தி பிலிப்பிக்கு எட்டியது. எட்டிவிட்டது என்று தெரிந்ததும் இவனுக்கு வியாகுலம். தான் செத்துப் பிழைத்ததைவிட, ஊரில் இருக்கிறவர்கள் பதறிப்போயிருப்பார்களே என்பதுதான் அவனுக்குப் பெரிதாக இருந்தது. அனுப்பியவர்களுக்கும் போனவனுக்கும் இப்படி ஒரு நெருக்கம்.

இன்னொரு இடம், இரண்டாம் தீமோத்தேயுவின் கடைசி அதிகாரம். துரோவாவில் கார்ப்பு என்பவனிடத்தில் விட்டுவந்த மேலங்கியை எடுத்து வா, புஸ்தகங்களை எடுத்து வா, முக்கியமாகத் தோற்சுருள்களை மறந்துவிடாதே, மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேர் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். குளிருக்கு ஒரு உடுப்பு, படிக்கப் புஸ்தகம், பக்கத்தில் ஒரு ஆள். இன்றைக்கும் பணித்தளத்தில் இருக்கிறவர்களின் தேவை ஏறக்குறைய இதுதான். இதைக் கேட்பதற்குப் பவுலுக்குக் கூச்சம் இல்லை, கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற பயமும் இல்லை. இன்றைய ஊழியர் ஒருவர் தன்னைத் தாங்குகிற சபைக்கு, “எனக்குக் குளிர்கிறது” என்று எழுதத் துணிவாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், நம் மிஷன் கமிட்டியார் கோபித்துக்கொள்ளக் கூடாது. இருபது ஊழியர்களின் பெயரைத் தெரிந்துவைத்திருக்கிற சபையைவிட, நான்கு ஊழியர்களைத் தெரிந்துவைத்திருக்கிற சபை மேல். நீளமான பட்டியல் ஆண்டறிக்கையில் பார்க்க நன்றாக இருக்கும். ஊழியரின் பக்கம் நின்று பாருங்கள். இருபது சபைகளிடம் சிறுசிறு தொகை வாங்குகிறவர், விடுப்பில் வரும்போது இருபது சபைகளுக்கும் போய் நின்று பேசியாக வேண்டும். ஓய்வுக்கென்று வந்தவர் பெட்டியும் கையுமாக அலைந்துவிட்டு, வந்ததைவிடக் களைத்துத் திரும்புவார். நான்கைந்து சபைகள் முழுப் பொறுப்பையும் பங்கு போட்டுக்கொண்டால் அவர் தன் பிள்ளைகளோடு நான்கு நாள் சும்மா உட்கார்ந்திருப்பார்.

1792 அக்டோபர் 2ஆம் தேதி, இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற ஊரில் ஒரு விதவையின் வீட்டில் சில பாப்டிஸ்ட் போதகர்கள் கூடி ஒரு மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அன்று கொடுப்பதாக ஒப்புக்கொண்ட மொத்தத் தொகை 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ். மறுவருஷம் அந்தச் சங்கத்தின் மிஷனெரியாக வில்லியம் கேரி வங்காளத்துக்குக் கப்பலேறினார். ஆழம் தெரியாத சுரங்கத்துக்குள் இறங்குவதுபோல இருந்தது, “நான் இறங்குகிறேன், நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்று கேரி கேட்டதுபோல இருந்தது என்று ஆண்ட்ரூ ஃபுல்லர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கேரியை எல்லாருக்கும் தெரியும். கயிற்றைப் பிடித்த ஃபுல்லரை எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் கெட்டரிங் சபையின் போதகர், கூடவே அந்தச் சங்கத்தின் செயலாளர். 1815இல் சாகும்வரை அந்தப் பொறுப்பை விடவில்லை. ஸ்காட்லாந்து வரைக்கும் பலதடவை அலைந்து காணிக்கை திரட்டினார், கடிதம் எழுதினார், மிஷனெரிகளைத் தாக்கித் துண்டுப்பிரசுரங்கள் வந்தபோது உட்கார்ந்து பதில் எழுதினார்.

அந்தக் கயிறு எட்டாத ஒரு இடமும் இருந்தது. கேரியின் மனைவி டாரதி. போக மனமில்லாதிருந்தவர், தங்கையும் கூட வருவதென்று ஆன பிறகே புறப்பட்டார். 1794இல் பீட்டர் என்ற ஐந்து வயது மகனை வங்காளத்தில் அடக்கம் செய்தார்கள். அதன்பின் டாரதியின் மனநிலை குலைந்துபோனது. 1807இல் இறக்கும்வரை தேறவே இல்லை. கடிதம் போய்ச் சேரவே மாதக்கணக்கான காலம் அது, ஃபுல்லரையும் நண்பர்களையும் குறைசொல்ல நான் வரவில்லை. நமக்கு அந்தச் சாக்கும் கிடையாது. போனில் முகம் பார்த்துப் பேசலாம். அப்படியிருந்தும் ஊழியரின் மனைவியிடம் “நீங்கள் எப்படியம்மா இருக்கிறீர்கள்?” என்று தனியாகக் கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். கேட்டால் முதல் தடவை “ஸ்தோத்திரம், நன்றாக இருக்கிறோம்” என்றுதான் பதில் வரும். இரண்டாம் தடவையும் அதுவே வரும். ஏழாவது எட்டாவது தடவை கேட்கிறவருக்குத்தான் உண்மை கிடைக்கும். அதனால்தான் ஒவ்வொரு ஊழியருக்கும் சபையில் ஒரு ஆள், முடிந்தால் ஒரு குடும்பம், பொறுப்பாக இருக்க வேண்டும் என்கிறேன். கமிட்டி முகவரிக்கு எழுதும்போது ஊழியர் அறிக்கைதான் எழுதுவார்.

கேரி கதையில் இன்னொன்று. 1812 மார்ச் மாதம், வங்காளத்தில் கேரியின் குழு நடத்திவந்த செராம்பூர் அச்சுக்கூடம் தீப்பிடித்தது. அச்செழுத்துகள், காகிதம், வருஷக்கணக்கில் உழைத்த மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதிகள் எரிந்துபோயின. செய்தி இங்கிலாந்தை எட்டியதும் சில வாரங்களில் சுமார் 10,000 பவுண்டு சேர்ந்தது. அருமைதான். தீப்பிடித்தால் யாருக்கும் கொடுக்க மனம் வரும். எதுவுமே எரியாத ஒரு சாதாரண ஆகஸ்ட் மாதத்துக்குக் கொடுப்பதுதான் கடினம். ஊழியரின் வீட்டு வாடகை அந்த ஆகஸ்டிலும் வந்து நிற்கும். ஆகவே இத்தனை வருஷத்துக்கு இவ்வளவு என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். மாதச் செலவோடு மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளின் படிப்பு, ஊருக்கு வந்துபோகிற பயணம், முதுமைக்கான சேமிப்பு எல்லாவற்றையும் கணக்கில் கொண்டுவாருங்கள். முதுமையைப் பற்றி ஊழியர் தானாகப் பேசமாட்டார், பேசினால் விசுவாசம் குறைந்தவர் என்று நினைப்பார்களோ என்று தயங்குவார். நாணய மதிப்பு இறங்கினால் அனுப்புகிற தொகை அங்கே சுருங்கிப்போகும் என்பதைப் பொருளாளர் கவனிக்க வேண்டும். நிறுத்த வேண்டிய கட்டாயம் வந்தால் பல மாதங்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். எல்லை தாண்டிப் பணம் அனுப்புவதற்கு இரு நாட்டிலும் சட்டம் உண்டு, அந்த வழியாகத்தான் போக வேண்டும். யாரோ போகிறார், அவர் கையில் கொடுத்துவிடலாம் என்ற பேச்சே வேண்டாம்.

கொடுக்கிறவர்களுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு. எந்தக் கணக்கு என்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். செலவுக் கணக்கைக் கேளுங்கள். இந்த வருஷம் எத்தனை ஞானஸ்நானம் என்று கேட்டு அதை வைத்துக் காணிக்கையைக் கூட்டிக் குறைத்தால், எண்களைப் பெருக்கிச் சொல்லும்படி நாமே அவரைச் சோதனைக்குள் தள்ளுகிறோம். அடோனிராம் ஜட்சன் என்ற அமெரிக்க மிஷனெரி 1813இல் பர்மாவின் ரங்கூனில் இறங்கினார். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819இல். நடுவில் ஏறக்குறைய ஆறு வருஷம். இன்றைய கமிட்டிகளில் எத்தனை அந்த ஆறு வருஷத்தைப் பொறுத்துக்கொண்டிருக்கும்?

அடுத்து ஜெபம். ஜெபக் கடிதம் வருகிறது, அறிவிப்புப் பலகையில் குத்துகிறோம், அடுத்த கடிதம் வந்ததும் அதன்மேல் குத்துகிறோம். ஜெபக்கூட்டத்தில் “மிஷனெரிகள் யாவரையும் ஆசீர்வதியும்” என்று ஒரு வரி. கடிதத்தைப் படித்திருந்தால் அதில் நான்காவது வரியில், “எங்கள் மகன் இந்த மாதம் புதுப் பள்ளிக்கு மாறுகிறான், மொழி புரியாமல் பயப்படுகிறான்” என்று இருப்பது தெரியும். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டு, மூன்று வாரம் கழித்து “பள்ளி பழகிவிட்டதா?” என்று ஒரே ஒரு வரி எழுதிப் பாருங்கள். யாரோ படிக்கிறார்கள் என்று அந்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். அடுத்த கடிதம் வேறு மாதிரி வரும். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற இடத்தில் மொராவியர்கள் என்ற சபையார் 1727இல் தொடங்கிய இடைவிடாத ஜெபம் நூறு வருஷம் நீடித்தது என்பதை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். அவர்களுடைய முதல் மிஷனெரிகள் 1732இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் புறப்பட்டார்கள். ஹெர்ன்ஹூட்டில், தூரத்திலிருந்து வந்த கடிதங்களைச் சபை கூடி உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் கேட்கிற வழக்கமும் இருந்தது. ஜெபிக்க விஷயம் வேண்டுமே!

ஒரு எச்சரிக்கை. சில நாடுகளில் ஊழியரின் கடிதம் தவறான கண்ணில் பட்டால் அவர் வெளியேற்றப்படுவார். அதைவிட மோசம், அவரோடு பழகிய உள்ளூர் விசுவாசிகள் பிடிபடுவார்கள். ஆர்வக்கோளாறில் படத்தையும் ஊர்ப்பெயரையும் ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். எந்தச் சொல்லை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தூரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். சிறைச்சாலைக்குப் போகிறவர், மருத்துவமனையில் நோயாளிகளின் பக்கத்தில் உட்காருகிறவர், கல்லூரி மாணவர்களோடு வேலை செய்கிறவர், மேசையில் குனிந்து வேதத்தை மொழிபெயர்க்கிறவர், இவர்களும் நம் மிஷன் பங்காளர்கள்தான். பக்கத்தில் இருப்பதாலேயே இவர்களுக்கு வழியனுப்பு விழா கிடையாது, ஜெபக் கடிதத்தை யாரும் எதிர்பார்ப்பதும் கிடையாது. ஞாயிறுதோறும் கண்ணில் படுகிறவர் நன்றாகத்தான் இருப்பார் என்று நினைத்துக்கொள்கிறோம்.

பெற்றுக்கொள்கிற பக்கத்திலிருந்தும் ஒரு குரலைக் கேட்க வேண்டும். 1903இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையில், தங்கள் சொந்த ஆட்களை அனுப்புவதற்காக இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் செயலாளர் வி. எஸ். அசரியா மற்றவர்களை அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை, தானே தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்குப் போய்விட்டார். அவர் 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் எழுந்து நின்று பேசினார். உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பு வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்றார். அரங்கில் பலருக்கு அது கசந்தது. வெளிநாட்டில் இருக்கிற உள்ளூர்ச் சபைகளோடு கைகோக்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். பணம் நம்முடையது என்பதற்காகத் தீர்மானமும் நம்முடையதாக இருக்கக்கூடாது. மிஷனெரி சங்கச் செயலாளர்களாக இருந்த இங்கிலாந்தின் ஹென்றி வென்னும் அமெரிக்காவின் ரூஃபஸ் ஆண்டர்சனும் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை யோசித்தார்கள். ஒரு சபை தன்னைத் தானே தாங்கி, தன்னைத் தானே ஆண்டு, தானே பெருகவும் வேண்டும் என்பது அவர்கள் வைத்த இலக்கு. அந்த நாள் தள்ளிப்போகிற மாதிரி உதவி செய்வதும் ஒரு கெடுதல்தான்.

பணித்தளத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. போங்கள், நல்லது. அவருக்கு வேலை கூட்டாதீர்கள். பத்துப் பேராகப் போய் இறங்கி, அவரை ஓட்டுநராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் ஆக்கிவிட்டு வராதீர்கள். இரண்டு பேர் போய், பேச்சைக் குறைத்துக் காதைக் கொடுத்தால் போதும்.

கடைசியாக, திரும்பி வருகிறவர்கள். வெளிநாட்டிலேயே வளர்ந்த பிள்ளைக்கு “நம்ம ஊர்” என்பது அப்பா அம்மா சொன்ன கதை மட்டும்தான். இங்கே வந்தால் அவனுக்கு இதுதான் வெளிநாடு. “ஊருக்கு வந்தது சந்தோஷமா?” என்று எல்லாரும் கேட்க, அவன் விட்டுவந்த நண்பர்களை நினைத்துக்கொண்டு தலையாட்டுவான். பெரியவர்களுக்கும் அதே கதைதான், சபையில் பாதி முகம் புதிது. வந்த முதல் மாதம் அவரைப் பிரசங்கம்பண்ண அழைக்காதீர்கள். தங்க ஒரு வீடு, மருத்துவப் பரிசோதனை, பிள்ளைகளுக்குப் பள்ளி, வங்கி வேலைகளுக்குக் கூட வர ஒரு ஆள், இவற்றை அவர் வந்து இறங்குவதற்கு முன்பே பார்த்து வையுங்கள். நிரந்தரமாக ஓய்வுபெற்று வருகிறவருக்கு இவை இரட்டிப்பாக வேண்டும், மேடையில் ஒரு சால்வையோடு அவரை முடித்துவிடக் கூடாது.

நேரம் ஆகிவிட்டது. நீங்கள் எழுதிக் கொடுத்த கேள்விச் சீட்டுகள் செயலாளர் கையில் இருக்கின்றன. முதல் சீட்டே, “பட்டியலிலிருந்து யாரை எடுப்பது?” என்று கேட்கிறதாம். அதிலிருந்தே தொடங்குவோம்.