நாலரை மணிக்கு மாட்டப் பாருங்க

வணக்கம் நேயர்களே. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஓரமா மாடு வச்சிருக்கிறவங்களுக்காகத்தான் இன்னைக்கு பேச வந்திருக்கேன். மூணு தடவ சினை ஊசி, அதாவது காளையோட விந்த கருப்பையில செலுத்துறது, போட்டும் சினை நிக்கலன்னா உடனே மலட்டு மாடுன்னு சொல்லி தரகருக்கு போன் அடிச்சிடுறோம், அவசரப்படாதீங்க, பல நேரம் குறை மாட்டுல இல்ல, நாம பாக்குற நேரத்துல இருக்கு.

எங்க செவலை மாட்டுக்கும் அப்படித்தான். தோட்டத்து லயத்துல இருந்தப்ப முதல் கன்னு போட்டு நாலு மாசம் ஆகியும் நிக்கல. அப்பா காலையில அது பருவத்துக்கு வந்து, அதாவது காளைய தேடி, கத்துறத பாப்பாரு, வேலை முடிஞ்சு வந்து சாயங்காலம்தான் சொல்லி அனுப்புவாரு, ஊசிக்காரர் மறுநாள் மத்தியானம் வருவாரு, அதுக்குள்ள வால்ல ரத்தம் காஞ்சு ஒட்டியிருக்கும். அந்த ரத்தத்த பாத்துட்டு சினை கலைஞ்சிடுச்சுன்னு அம்மா அழுவாங்க. அது கலைஞ்ச ரத்தம் இல்லங்க, பருவம் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு நாள்ல சில மாட்டுக்கு வர்றது. பருவம் போயிடுச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். அன்னைக்கு தேதிய எழுதி வச்சு, 18, 19 நாள் கழிச்சு கண்ண விரிச்சு பாருங்க, ஏன்னா மாட்டோட பருவ சுத்து சுமாரா 21 நாள்.

அப்புறம் ஒருநாள் அம்மா பெரட்டுக்கு, அதான் தோட்டத்துல காலையில ஆள் கணக்கு எடுக்கிறதுக்கு, கிளம்புறப்ப, விடிகாலை நாலரை இருக்கும், டார்ச் அடிச்சு பாத்தா பக்கத்து மாடு செவலை மேல தாவுது, செவலை நகராம நிக்குது! வால் அடியில முடி கலைஞ்சிருக்கு, கண்ணாடி மாதிரி கோழை கயிறா தொங்குது. அன்னைக்கு மத்தியானமே ஊசி, நின்னுடுச்சு, 280 நாள்ல கிடேரி கன்னு. நம்ம ஊர் வெக்கைக்கு பருவம் ராத்திரியில வந்து சீக்கிரம் போயிடும், குளிர் நாட்டு பிரீசியன் ரத்தம் கலந்த மாஃப்ரிவால் மாதிரி கலப்பின மாடுன்னா வெயில்ல அறிகுறியே மங்கலாத்தான் தெரியும். அதனால சொல்றேன், காலையில பாத்தா சாயங்காலம் ஊசி, சாயங்காலம் பாத்தா மறுநாள் காலையில ஊசி.

கோழை தெளிவா இருந்தா நல்லது. தயிர் திரிஞ்ச மாதிரி வெள்ளை வெள்ளையா வந்தாலோ நாத்தம் அடிச்சாலோ கருப்பையில புண், அப்ப ஊசி போட்டு பிரயோசனம் இல்ல, முதல்ல வைத்தியம் பாருங்க. வெட்டினரி டாக்டர் உள்ள கைய விட்டு எப்படி பாக்குறாருன்றது படம் போட்டு காட்ட வேண்டிய விஷயம், அத விட்டுடுறேன். ஊசி போட்டு ரெண்டு மாசத்துல அவர கூப்பிட்டு சினைய உறுதி பண்ணிக்கோங்க, அது போதும்.

நேரம் ஆச்சுன்னு கை காட்டுறாங்க, நஞ்சுக்கொடி பத்தி தனியா சொல்ல நினைச்சேன். கன்னு போட்டு 24 மணி நேரம் ஆகியும் விழலன்னா கையால இழுக்காதீங்க, டாக்டர கூப்பிடுங்க. கடைசி மாசங்கள்ல கன்னு கலைஞ்சா புருசெல்லோசிஸ்ன்ற கிருமி நோயா இருக்கலாம், மனுசனுக்கும் தொத்தும், கையுறை இல்லாம அந்த நஞ்சுக்கொடிய தொடாதீங்க, பிள்ளைங்கள கொட்டகை பக்கம் விடாதீங்க. நன்றி, வணக்கம்.