எந்த ஊர் வண்டி?

நடுவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, இந்த நேரத்திலும் கலையாமல் உட்கார்ந்திருக்கும் கும்பகோணத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கார் விளம்பரத்தில் ஊர் அடையாளம் வந்தால் அந்த பிராண்டுக்கு ஈர்ப்பு கூடுமா, குறையுமா என்பது தலைப்பு. கூடும் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் மூன்று வாதம் வைத்தார். கார் வாங்குகிறவர் மைலேஜும் விலையும்தான் பார்ப்பார், ஊரைப் பார்க்க மாட்டார் என்றார். ஒரு ஊரைக் காட்டினால் அடுத்த ஊர்க்காரர் விலகிப்போவார் என்றார். மூன்றாவதாக, அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட் பெயரைச் சொல்லி ஊரே பேசும்படி விளம்பரம் செய்த கிரைஸ்லர் 200 கார் சில வருடத்திலேயே நின்றுபோனது, ஊர்ப்பெருமை அதைக் காப்பாற்றவில்லையே என்று கேட்டார். இந்த மூன்றாவதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் அவர் கதையின் முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

2009 ஏப்ரலில் கிரைஸ்லர் திவால் மனு போட்டது. இத்தாலியின் ஃபியட் வந்துதான் தூக்கி நிறுத்தியது. டெட்ராய்ட் நகரத்தின் நிலைமை இன்னும் மோசம். 1950இல் 18 லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர், 2010 கணக்கெடுப்பில் 7 லட்சத்துச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. தொழிற்சாலைகள் மூடின, வேலை தேடி ஜனங்கள் வெளியேறினார்கள், தெருத்தெருவாக வீடுகள் காலி. அப்படிப்பட்ட ஊரின் பெயரை எந்தக் கம்பெனியாவது தன் காரோடு சேர்த்துச் சொல்லுமா? கிரைஸ்லர் சொன்னது. 2011 பிப்ரவரி, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டிக்காக அந்த நாடே டிவி முன்னால் உட்காரும் சூப்பர் பவுல் இரவு. இரண்டு நிமிடம் ஓடிய விளம்பரம். புகை கக்கும் ஆலைகள், குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் நினைவாக வைத்த பெரிய முஷ்டிச் சிலை, அந்த ஊர் வீதிகளில் கார் ஓட்டி வரும் பாடகர் எமினெம். ஊரின் காயத்தை அவர்கள் மறைக்கவில்லை. கடைசியில் ஒரே வரி: ‘டெட்ராய்ட்டிலிருந்து இறக்குமதி.’

ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தால்தான் நல்ல கார் என்று நம்பிய ஜனங்களிடம் இதைச் சொன்னார்கள். அந்த ஆண்டின் சிறந்த விளம்பரத்துக்கான எம்மி என்ற டிவி விருது அதற்குக் கிடைத்தது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அந்த வரியைப் பனியனில் அச்சடித்து விற்றார்கள், ஜனங்கள் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அதே வரியை உள்ளூர்க் கடை ஒன்று தானாக அச்சடித்து விற்கிறது என்று கம்பெனி வழக்கே போட்டது. ஒரு கார் விளம்பர வாசகத்தைக் காசு கொடுத்து வாங்கி மார்பில் போட்டுக்கொள்கிறார்கள் என்றால், ஈர்ப்பு என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும் நடுவர் ஐயா?

சரி, கார் ஏன் நின்றது? அந்த 200 என்பது செப்ரிங் என்ற பழைய மாடலை மெருகேற்றி வேறு பெயர் வைத்த வண்டி. அதுவே 2012இல் அமெரிக்காவில் 1 லட்சத்துக்கு மேல் விற்றது. 2016இல் நிறுத்தினார்கள். ஜனங்கள் செடான் காரை விட்டு எஸ்.யு.வி. பக்கம் போன காலம் அது. கம்பெனியும் லாபம் இருக்கும் ஜீப், பிக்கப் பக்கம் திரும்பிவிட்டது. விளம்பரத்தின் வேலை ஷோரூம் வாசல்வரை ஆளைக் கூட்டி வருவது. அதை டெட்ராய்ட்டின் பெயர் செய்தது. அதற்குப் பிறகு வண்டி தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, அடுத்த ஊர்க்காரர் விலகிப்போவார் என்ற வாதம். இதைக் கும்பகோணத்தில் நின்று சொல்லலாமா? சென்னையிலிருந்து திருச்சி போகிற நெடுஞ்சாலையில் ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று எத்தனை பலகைகள் என்று பாருங்கள். அங்கே வண்டியை நிறுத்திப் பித்தளை டபராவில் காபி குடிப்பவர்களில் எத்தனை பேர் கும்பகோணத்துக்காரர்கள்? மதுரைக்காரரும் நாகர்கோவில்காரரும் பெங்களூர்க்காரரும்தான் குடிக்கிறார்கள். ஊர்ப்பெயர் வெளியூர்க்காரரைத் தள்ளவில்லை, நிறுத்தி உள்ளே அழைக்கிறது. சொந்த ஊர்க்காரருக்கு அது பெருமை. வெளியூர்க்காரருக்கு, ‘இது எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது, நம்பலாம்’ என்ற தைரியம்.

கார் உலகத்திலும் அதே கதைதான். 2014இல் ஸ்வீடனின் வால்வோ ஒரு விளம்பரம் வெளியிட்டது. கால்பந்து வீரர் ஸ்லாதன் இப்ராஹிமோவிச் பனியில், காட்டில், உறைந்த ஏரியில் அலைகிறார். பின்னணியில் ஸ்வீடனின் தேசிய கீதத்தை அவரே சொல்கிறார். அவர் அப்பா போஸ்னியாவிலிருந்து வந்தவர், அம்மா குரோஷியாவைச் சேர்ந்தவர்; பிறந்தது ஸ்வீடனின் மால்மோவில். அப்போது வால்வோவின் முதலாளி யார்? 2010இலேயே சீனாவின் கீலி கம்பெனி வாங்கிவிட்டது. சீன முதலாளி நினைத்திருந்தால் ஸ்வீடனை அழித்துவிட்டு, ‘உலகக் கார்’ என்று மொட்டையாக விற்றிருக்கலாம். அவர் காசு கொடுத்து வாங்கியதே அந்த ஸ்வீடன் தன்மையைத்தான். கடுங்குளிர், வழுக்கும் சாலை, அதில் உயிரைக் காக்கும் கார் என்று அந்த ஊரோடு ஒட்டிக்கொண்ட நம்பிக்கை அது. பனியையே பார்த்திராத நம் ஊர்க்காரரும் வால்வோ என்றால் பாதுகாப்பு என்கிறார். அந்த எண்ணம் நம்மிடம் வந்து சேர்ந்தது ஸ்வீடன் வழியாகத்தான்.

டெக்சாஸ் இன்னும் நேரடியான சாட்சி. அமெரிக்காவில் பிக்கப் அதிகம் விற்கும் மாநிலம் அது. ராம் கம்பெனி தன் பிக்கப்பில் ஒரு வகையை மற்ற மாநிலங்களில் ‘பிக் ஹார்ன்’ என்று விற்கிறது. அதே வண்டிக்கு டெக்சாஸில் மட்டும் ‘லோன் ஸ்டார்’ என்று பெயர்; அந்த மாநிலக் கொடியில் இருக்கும் ஒற்றை நட்சத்திரம் அது. ஃபோர்டு அந்த மாநிலத்தின் பெரிய மாட்டுப்பண்ணை ஒன்றின் பெயரில் ‘கிங் ராஞ்ச்’ என்று ஒரு வகையே வைத்திருக்கிறது. ஜப்பானின் டொயோட்டா 2006இல் சான் அன்டோனியோவில் தொழிற்சாலை கட்டி, தன் பெரிய பிக்கப்பை அங்கேயே தயாரிக்க ஆரம்பித்தது. ஊரால் பயன் இல்லை என்றால், கணக்குப் பார்த்தே காலம் தள்ளும் கம்பெனிகள் எதற்காக இத்தனை செலவு செய்கின்றன?

இங்கே எதிரணியின் பேராசிரியை அம்மா சொன்னதை நான் மதிக்கிறேன். ‘ஊர் அடையாளம் என்ற பெயரில் வேஷம்தானே போடுகிறார்கள்’ என்று வருத்தப்பட்டார். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. 2011இல் ஃபியட் தன் 500 காருக்கு ஜெனிபர் லோபஸை வைத்து விளம்பரம் எடுத்தது. தான் பிறந்து வளர்ந்த நியூயார்க்கின் பிராங்க்ஸ் வீதிகளில் அவர் காரோட்டி வருவது போலக் காட்டினார்கள். அப்புறம் பத்திரிகைகளில் உண்மை வந்தது. அவர் இருந்தது லாஸ் ஏஞ்சலஸில். பிராங்க்ஸில் ஓட்டியது அவரைப் போன்ற வேறொருவர். அந்தக் காரோ மெக்சிகோவில் தயாரானது. அந்த வருடம் வட அமெரிக்காவில் 50,000 விற்கலாம் என்று கம்பெனி போட்ட கணக்கை எட்டவே முடியவில்லை. அதற்கு இந்த விளம்பரம் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அது நியாயம் இல்லை. ஆனால் ஊரை வாடகைக்கு எடுத்த பின்புலமாக வைத்தால் ஜனங்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அம்மா, நீங்கள் எதிர்ப்பது பொய்யை. அதில் நாங்களும் உங்கள் பக்கம்தான். பொய் ஊர் தோற்றது என்பதால் மெய் ஊரும் தோற்கும் என்று எப்படி முடிவு கட்டுவது?

மெய்யான ஊர் பொய்யாகிப்போனதற்கும் ஒரு சாட்சி உண்டு. ஆஸ்திரேலியாவின் ஹோல்டன். 1970களில் கால்பந்து, இறைச்சி அப்பம், கங்காரு, ஹோல்டன் கார் என்று நான்கையும் ஒரே மூச்சில் பாடிய விளம்பரம் அங்கே புகழ்பெற்றது. அமெரிக்காவில் செவர்லே பாடியதன் உள்ளூர் வடிவம்தான் அது. இரண்டுமே ஜெனரல் மோட்டார்ஸ் பிள்ளைகள். மெட்டு கடன் வாங்கியது. ஆனால் காரை அந்த ஊர்த் தொழிலாளிதான் செய்தார், அதனால் பாட்டு ஒட்டியது. 2017 அக்டோபரில் அடிலெய்டு பக்கத்து எலிசபெத் தொழிற்சாலை மூடியது. அதற்கப்புறம் வெளிநாட்டில் செய்த வண்டிகளுக்கு ஹோல்டன் சின்னம் குத்தி விற்றார்கள். 2020 பிப்ரவரியில் அந்தப் பெயரையே நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். விற்பனை சரிவுக்கு வேறு காரணங்களும் இருந்தன, மறுக்கவில்லை. இருந்தாலும் பாருங்கள், சின்னம் அதேதான், கடை அதேதான், ஊர் மட்டும் கழன்றது. ஜனங்களைப் பிடித்து வைக்க முடியவில்லை.

இப்போது நம் டெல்டாவுக்கு வருகிறேன். எதிரணியின் முதல் வாதத்துக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. மைலேஜும் விலையும்தான் பார்ப்பார்கள் என்றார் அல்லவா? நம் ஊரில் ஒருவர் கார் வாங்கப் போனால் என்ன கேட்கிறார்? ‘மன்னார்குடியிலேயே சர்வீஸ் இருக்கா, தஞ்சாவூர் போகணுமா?’ ‘ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்கால் வழிந்து ரோட்டில் நின்றால் வண்டி போகுமா?’ ‘ஆற்றங்கரை ரோட்டில் எதிரே அறுவடை மிஷின் வந்தால் கரையோரம் இறக்கி ஒதுக்க முடியுமா, அடி தட்டுமா?’ ‘ஒரே நாளில் சூரியனார்கோயில், திங்களூர், ஆலங்குடி, திருநள்ளாறு என்று ஒன்பது கோயிலும் சுற்ற வேண்டும், பின்சீட்டில் அம்மாவுக்கு இடுப்பு வலிக்காதா?’ இவை எல்லாம் ஊர்க் கேள்விகள் இல்லையா ஐயா? இந்தக் கேள்விகளை மைசூரில் வேறு மாதிரி கேட்பார்கள், ராஜஸ்தானில் வேறு மாதிரி கேட்பார்கள். ஊரைக் காட்டும் விளம்பரம் என்றால் கோபுரத்தையும் வேட்டியையும் காட்டுவது என்று எதிரணி நினைத்துவிட்டது. இந்த மண்ணில் வண்டி என்ன பாடுபடும் என்று காட்டுவதுதான் ஊர் அடையாளம்.

டிராக்டர் கம்பெனிகளுக்கு இது ரொம்ப காலமாகத் தெரியும். அவர்கள் வயலுக்கே வண்டியைக் கொண்டுவந்து, கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம் மாட்டி, சேற்றில் இறக்கி உழுது காட்டுவார்கள். வரப்பில் நின்று பார்க்கும் விவசாயி அங்கேயே முடிவெடுக்கிறார். அந்த வண்டி நம் சேற்றில் நின்றதுதான் விளம்பரம். கார்க்காரர்கள் என்ன காட்டுகிறார்கள்? நான் பார்த்தவரை லடாக் மலைச்சாலை, பனி, ஆளே இல்லாத வளைவுகள். பேசுபவர் உதடு இந்தியில் அசைகிறது, குரல் தமிழில் வருகிறது. பாதி ரோட்டில் நெல் காயும்போது மீதிப் பாதியில் வண்டி ஓட்டும் நமக்கு அதில் எங்கே இடம்? காவிரித் தண்ணீர் வரும் ஜூனில் ஒரு ரோடு, சம்பா தலைசாய்ந்து நிற்கும் தை மாதத்தில் அதே ரோடு. அந்த ரோட்டில் ஒரு காரை ஓட்டிக் காட்டினால் நாம் சேனலை மாற்றுவோமா?

கடைசியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். மணியில் நடுவர் கை போவது தெரிகிறது.

இந்தியாவில் ஓடும் கார்களில் பல நம் மாநிலத்தில் பிறந்தவை. 1998இல் ஹூண்டாயின் சான்ட்ரோ ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்தது. ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் செய்தார்கள். 2025 ஆகஸ்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் தூத்துக்குடியில் தொழிற்சாலை திறந்தது. பெயரே கேள்விப்படாத கம்பெனி, நமக்கு அதை அறிமுகப்படுத்தியது தூத்துக்குடி என்ற பெயர். அந்தத் தொழிற்பேட்டைகளுக்கு யார் போகிறார்கள்? திருவாரூரிலும் நாகையிலும் மயிலாடுதுறையிலும் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்த நம் பிள்ளைகள். மூன்று போகம் விளைந்த நிலம் ஒரு போகத்துக்குத் திண்டாடும்போது பையை எடுத்துக்கொண்டு ராத்திரி பஸ் ஏறிய பிள்ளைகள். இந்தக் கூட்டத்திலேயே அவர்களின் அப்பா அம்மா இருக்கிறீர்கள். ‘இந்தக் கதவை உங்கள் ஊர்ப் பையன் மாட்டினான்’ என்று ஒரு விளம்பரம் சொன்னால், அந்த வீட்டில் அந்த பிராண்டுக்கு என்ன மரியாதை கிடைக்கும்? எந்த நட்சத்திர நடிகருக்குக் கோடி கொடுத்தால் அந்த மரியாதை கிடைக்கும்?

நடுவர் ஐயா, கார் கம்பெனிக்காரர்கள் யாராவது இந்த அரங்கில் இருந்தால் ஒரு வேண்டுகோள். கொள்ளிடக் கரையில் கார்த்திகை மழையில் படம் எடுங்கள். மன்னார்குடி சர்வீஸ் பட்டறையில் வேலை செய்பவரைக் காட்டுங்கள். ஒரகடத்தில் இரவு ஷிப்ட் முடித்து வரும் திருத்துறைப்பூண்டிப் பையனைப் பேசவிடுங்கள், அவன் குரலிலேயே. அப்படி ஒரு விளம்பரம் வந்த பிறகும் டெல்டாவில் அந்தக் காருக்கு ஈர்ப்பு கூடவில்லை என்றால், எதிரணிக்குத் தீர்ப்பு எழுதுங்கள், நானே எழுந்து கைதட்டுகிறேன். இன்றைய தீர்ப்பை எங்கள் அணிக்குத் தர வேண்டும் என்று கேட்டு விடைபெறுகிறேன். வணக்கம்.