சின்ன இன்ஜினுக்கு ஏற்ற விசிறி

நேயர்களுக்கு வணக்கம். கரையில் வலை சிக்கெடுத்தபடி கேட்டுக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பிகளுக்குத் தனி வணக்கம். ஃபைபர் படகில் மாட்டுகிற சின்ன அவுட்போர்டு இன்ஜினைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். வேகமும் வேண்டும், நடுக்கடலில் நிற்கவும் கூடாது. இரண்டையும் தனித்தனிப் பிரச்சினையாகத்தான் பலரும் பார்க்கிறார்கள். திணறி ஓடுகிற இன்ஜின்தான் சீக்கிரம் நிற்கும். இதை இன்னொரு தடவையும் சொல்வேன்.

பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் 9.9 ஹெச்.பி. இன்ஜின் வைத்திருந்தார். வேகம் போதவில்லை என்று கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பிளக் மாற்றினார், கடைசியில் ஹெட்டையே திறந்து கரியைச் சுரண்டினார். கொஞ்ச நாள் நன்றாக ஓடும், திரும்பவும் பிளக் கருத்துப் போகும். இன்ஜினை விற்றுவிட்டுப் பதினைந்து ஹெச்.பி. வாங்கலாம் என்று கடன் கேட்கவே கிளம்பிவிட்டார். நான், தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளுகிற விசிறியைக் காட்டச் சொன்னேன். விசிறியில் இரண்டு எண் அடித்திருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச். பிட்ச் என்றால், மரத்தில் ஸ்குரூ இறங்குவது போல, விசிறி ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே போக வேண்டும் என்ற கணக்கு. பிட்ச் கூடினால் வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஏற்கெனவே இருந்ததைக் கழற்றிவிட்டுப் பெரிய எண் போட்டிருக்கிறார்.

வெறும் படகுக்கு அது சரிப்படலாம். மூன்று ஆள், ஈர வலை, ஐஸ் பெட்டி ஏற்றிய படகை அந்த விசிறியால் தள்ள இன்ஜினுக்குப் பலம் போதாது. சுற்று ஏறாது, சூடு ஏறும், எரியாத எண்ணெய் கரியாகப் படியும். மண்ணெண்ணெயில் ஓட்டினால் கரி இன்னும் அதிகம். சின்ன பிட்ச் விசிறியை மாட்டிய பிறகு அவருடைய படகு வேகமும் எடுத்தது, கடலில் நிற்பதும் போயிற்று. கடன் வாங்கவில்லை. இதை எல்லா ஊரிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கும் சொல்லிவிட்டேன்.

எப்படிப் பார்ப்பது? பிளக் வயரில் சுற்றிவிட்டால் சுற்று காட்டும் சின்ன மீட்டர் கடையில் கிடைக்கிறது. வழக்கமான பாரத்தோடு, கடல் அமைதியாக இருக்கும்போது, முழு ஆக்சிலேட்டரில் ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் கையேட்டில் நிமிடத்துக்கு 4,500 முதல் 5,500 சுற்று என்கிற மாதிரி ஒரு வரம்பு போட்டிருக்கும். அதற்குக் கீழே நின்றால் பிட்சைக் குறையுங்கள், ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 200 சுற்று கூடும். வரம்பைத் தாண்டினாலும் இன்ஜினுக்குக் கேடுதான், அப்போது பிட்சைக் கூட்டுங்கள். பாரத்தோடு பார்க்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

விசிறியை மாற்றும் முன்னால் படகின் அடியைத் தடவிப் பாருங்கள். பாசியும் சிப்பியும் ஒட்டியிருந்தால் எந்த விசிறியும் உதவாது. விசிறிக்கு மேலே இருக்கும் தட்டு, படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். மேலே ஏறினால் விசிறி காற்றை இழுத்து வெறுமனே சுற்றும், ரொம்பக் கீழே போனால் தண்ணீர் பிடித்து இழுக்கும்.

சரி, நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். பராமரிப்புக்குத்தான் நிறைய வைத்திருந்தேன், அவசரமாகச் சொல்கிறேன். ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீர் அதன் பக்கத்திலிருந்து பீச்சுகிறதா என்று பாருங்கள், பீச்சாவிட்டால் உடனே நிறுத்துங்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓட்டி உப்பை வெளியேற்றுங்கள். விசிறியை அடிக்கடி கழற்றி, அதன் பின்னால் நைலான் நரம்பு சுற்றியிருக்கிறதா பாருங்கள். அது, கியருக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கிற ஆயில் சீலை அறுத்துவிடும், கியர் ஆயில் வெளுத்துப் போனால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம், மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவர்கள் கரை நெருங்கும்போது பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள், மறுநாள் காலையில் கயிறு இழுத்துக் கை வலிக்காது. நன்றி, வணக்கம்.