தோணிக்காரன் என்றே இருக்கட்டும்

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், இன்னும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் பெருமக்களுக்கும் வணக்கம். 'பசிபிக் போரில் பறக்கும் படகு வீரனின் பெருமை போட்ட குண்டிலா, மீட்ட உயிரிலா?' என்பது தலைப்பு. மீட்ட உயிரில்தான் என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரியார் பசிபிக்கில் உள்ள குவாடல்கனால் தீவுப் போரைச் சொன்னார். கேட்டலினா என்ற பறக்கும் படகுக்குக் கறுப்பு வண்ணம் பூசி, 'கறுப்புப் பூனை' என்று பெயரும் வைத்து, நள்ளிரவில் ஜப்பானியக் கப்பல்களைத் தேடிப்போய்க் குண்டு போட்ட கதையைச் சொன்னார். நடந்ததுதான், மறுக்கவில்லை. அதோடு அமர்ந்திருந்தால் நானும் கைதட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் போகிற போக்கில், "தண்ணீரில் விழுந்தவனைத் தூக்கிவரத் தோணிக்காரன் போதுமே, போர்வீரன் எதற்கு?" என்று ஒன்றைக் கேட்டுவிட்டுப் போனார். அரங்கம் சிரித்தது. நடுவரும் சிரித்தார், நான் பார்த்தேன்.

தோணி என்ற சொல்லை நான் ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. அந்த விமானத்தின் அடிப்பகுதியே படகுதான். 104 அடி நீள இறக்கை, இரண்டு எஞ்சின், வயிற்றின் இருபுறமும் கொப்புளம் போலப் புடைத்த கண்ணாடிச் சன்னல், உள்ளே படுக்கை, காபி போட ஒரு மின்னடுப்பு. மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கடலை மட்டுமே பார்த்துக்கொண்டு போவதுதான் அதிலிருந்தவர்களின் அன்றாட வேலை. நம் செங்குன்றம் ஏரியில்கூடப் பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினாக்கள் இறங்கியிருக்கின்றன. கோடையிலும் ஏரியில் தண்ணீர் இருந்த காலம் போலும். மீட்புக்குப் போகும் விமானத்துக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் 'டம்போ'. காதை விரித்துப் பறக்கும் கார்ட்டூன் யானைக்குட்டியின் பெயர் அது. சரி, இந்த யானைக்குட்டித் தோணியின் கதை ஒன்றைக் கேளுங்கள்.

1944 பிப்ரவரி 15. நியூ அயர்லாந்து தீவின் காவியெங் துறைமுகம் ஜப்பானியர் கையில் இருக்கிறது. அதைத் தாக்கப் போன அமெரிக்க விமானங்களில் சில சுடப்பட்டுக் கடலில் விழுகின்றன. அருகே சுற்றிக்கொண்டிருந்த லெப்டினன்ட் நேதன் கார்டன் தம் கேட்டலினாவை அந்தத் துறைமுகத்துக்குள்ளேயே இறக்குகிறார். கரையிலிருந்து பீரங்கி சுடுகிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் ஆளை உள்ளே இழுக்க முடியவில்லை. அதனால் எஞ்சினை நிறுத்துகிறார். நம் ஊர் ஷேர் ஆட்டோக்காரர், பயணி ஏறும்போதுகூட எஞ்சினை நிறுத்தமாட்டார். இவர் பீரங்கிக்கு முன்னால் நிறுத்துகிறார்! ஏற்றிக்கொண்டு எழுகிறார், மறுபடி இறங்குகிறார், எழுகிறார், மூன்றாம் முறையும் இறங்குகிறார். இப்போது உள்ளே 9 பேர், அவர்களில் சிலருக்குக் காயம். காற்று அறவே இல்லை, அலை மட்டும் பெரிது, விமானமோ தாங்க முடியாத பாரம். எப்படியோ எழும்பித் தளத்தை நோக்கித் திரும்பிவிட்டார்.

கதை முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். அப்போது செய்தி வருகிறது: எதிரியின் கரையிலிருந்து 600 கஜத்தில் இன்னொரு ரப்பர் மிதவை, அதில் 6 பேர். ஏற்கெனவே மூன்று முறை இறங்கியாயிற்று. 'வண்டி நிறைந்துவிட்டது, அடுத்த வண்டியில் வாருங்கள்' என்று சொல்லியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? கார்டன் திரும்பினார். நான்காம் முறை இறங்கினார். அந்த 6 பேரையும் சேர்த்து 15 பேருடன் எழும்பினார். அமெரிக்காவின் மிக உயர்ந்த போர்ப் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தார்கள். சகோதரியாரைக் கேட்கிறேன்: எந்த ஊர்த் துறையில், எந்தத் தோணிக்காரன்மேல் அக்கரையிலிருந்து பீரங்கி சுட்டார்கள்? சுட்ட பிறகும் நான்காம் நடைக்குத் தோணியைத் திருப்பியவன் எவன்?

இன்னும் புள்ளிவிவரம் வைத்திருக்கிறேன். வேண்டாம், தாளை மடித்து வைத்துவிடுகிறேன். நடுவர் அவர்களே, என்னை 1945 ஆகஸ்ட் 2-க்கு விடுங்கள்.

இண்டியானாபோலிஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் மூழ்கி அது நாலாம் நாள். தேடி வர ஒருவரும் இல்லாமல், சுறாக்களுக்கு நடுவே மனிதர்கள் மிதக்கிறார்கள். பெலெலியு தீவிலிருந்து கேட்டலினாவில் வந்த விமானி ஏட்ரியன் மார்க்ஸ் மேலிருந்து பார்க்கிறார். திறந்த கடலில் இறங்கக் கூடாது என்பது உத்தரவு. தம் குழுவினரைக் கேட்டார், இறங்கினார். 12 அடி அலை அடித்த அடியில் ஆணிகள் தெறித்துத் தண்ணீர் உள்ளே வந்தது. ஓட்டைகளில் பென்சிலைச் சொருகி அடைத்தார்கள். கூட்டமாக மிதந்தவர்களை அவர் முதலில் நெருங்கவில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இன்னும் சிறிது நேரம் தாங்குவார்கள். தனியாக மிதப்பவன் தாங்கமாட்டான். ஒற்றை ஒற்றையாகத் தேடி எடுத்தார். உள்ளே இடம் தீர்ந்ததும் இறக்கைமேல் கிடத்திப் பாராசூட் கயிற்றால் கட்டினார்கள். 56 பேர். வலி தாங்காமல் அவர்கள் உதைத்த உதையில் இறக்கைத் துணி கிழிந்தது. இனி அது எழும்பாது என்று உள்ளே இருந்த எல்லோருக்கும் தெரியும். இருந்த குடிநீரை அவர்களுக்குப் பங்கிட்டார்கள். இருட்டிவிட்டது. வெகுநேரம் கழித்து, 'டாயில்' என்ற கப்பல் தன் விளக்கை வானத்தை நோக்கி ஏற்றிக்கொண்டு வந்தது.

விடிந்தபின், பறக்க முடியாத அந்தக் கேட்டலினாவை 'டாயில்' சுட்டு மூழ்கடித்தது. அப்போது தோணியில் ஒருவரும் இல்லை, நடுவர் அவர்களே. எல்லோரையும் ஏற்றிவிட்டிருந்தார்கள்.