திமிங்கலத்தோட தாத்தா பூனை சைஸா?! ஆட்டுக்கால் எலும்பு அவிழ்த்த முடிச்சு

[கையில் ஒரு சின்ன எலும்பு. கேமரா கிட்டப் போகுது.]

இது என்னனு சொல்லுங்க பாப்போம்.

போன ஞாயித்துக்கிழமை கறிக்கடையில கேட்டு வாங்கினேன். ஆட்டோட பின்னங்கால் கணுவுல இருக்கற எலும்பு. "தம்பி, இதுல கறியே இல்லையே, சூப்புக்கும் ஆகாதே"ன்னார் கடைக்காரர். "அண்ணே, இது சூப்புக்கு இல்ல, திமிங்கலத்துக்கு"ன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டு காசே வாங்கல.

வணக்கம் மக்களே! கடல்ல நீந்துற திமிங்கலத்தையும் ஓங்கிலையும் ஆடு மாடு குடும்பத்துல கொண்டுவந்து உக்கார வெச்சது இந்த எலும்புதான். ஓங்கில்னா டால்பின். கடலோர ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்ல.

முதல்ல தம்ப்நெயில்ல இருக்கற அந்தப் பூதம். அதுக்காகத்தானே உள்ள வந்தீங்க?

[காட்சி: ஆண்ட்ரூசார்க்கஸ் மண்டை ஓடு]

1923, உள் மங்கோலியா. நியூயார்க் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தோட குழு அங்க தோண்டிட்டிருக்கு. தலைவர் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ். கான் சுயென் பாவ்னு ஒரு உதவியாளர் கண்ணுல இந்த மண்டை ஓடு படுது. நீளம் 83 சென்டிமீட்டருக்கு மேல! அடுத்த வருஷம் அதே அருங்காட்சியகத்து புதைபடிவ ஆய்வாளர் ஆஸ்பார்ன் அதுக்குப் பேர் வெக்கிறார்: ஆண்ட்ரூசார்க்கஸ். கண்டெடுத்தது ஒருத்தர், பேர் போனது தலைவருக்கு. உங்க ஆபீஸ் ஞாபகம் வருதா? கமெண்ட்ல கொட்டிட்டுப் போங்க.

தம்ப்நெயில்ல நான் போட்டிருக்கற உடம்பு, ரோமம், வால் எல்லாமே கற்பனைதான். கிடைச்சது அந்த ஒரே ஒரு மண்டை ஓடு, அதுலயும் கீழ்த்தாடை கிடையாது. மேசோனிக்ஸ்ங்கற சின்ன விலங்கோட கூட்டம்தான் இதுவும்னு நினைச்சு, அதோட அளவை வெச்சுப் பெருக்கிப் பாத்துதான் உடம்பு 3.8 மீட்டர் இருக்கும்னு ஆஸ்பார்ன் சொன்னார். மூக்கை மட்டும் வெச்சு ஆளை வரையற கதை.

அந்த மேசோனிக்ஸ் கூட்டம் இன்னும் வினோதம். பாக்க ஓநாய், ஆனா விரல் நுனியில நகத்துக்குப் பதிலா குட்டிக் குளம்பு. கறி திங்கற குளம்புக்காரங்க! அவங்க பல்லும் பழைய திமிங்கலங்களோட பல்லும் ஒண்ணு போலவே இருக்கு. அதனால திமிங்கலம் இவங்க வழியாத்தான் வந்துச்சுன்னு 1966-ல வான் வேலன்னு ஒரு ஆய்வாளர் சொன்னார். முப்பது வருஷத்துக்கும் மேல பெரும்பாலானவங்க அதையே நம்பினாங்க. 90-கள்ல மரபணு ஆராய்ச்சிக்காரங்க வந்து, "இல்லைங்க, திமிங்கலத்துக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் நீர்யானை"ன்னாங்க. எலும்புக்காரங்க ஒத்துக்கல.

பஞ்சாயத்தைத் தீர்த்துவெச்சது இதுதான்.

[எலும்பு மறுபடியும், திருப்பித் திருப்பி]

நல்லா பாருங்க. இந்த மேல் பக்கம், நடுவுல பள்ளம், ரெண்டு பக்கமும் மேடு. அப்படியே கிணத்துக் கப்பி. நிறைய விலங்குகளுக்கு இதோட சரி. இப்ப தலைகீழாத் திருப்புறேன். கீழேயும் ஒரு கப்பி! ரெண்டு முனையிலயும் கப்பி இருந்தா கால் முன்னும் பின்னும் சரசரன்னு மடங்கும், பக்கவாட்டுல சுளுக்காது. ஓடுறதுக்குன்னே செஞ்ச மாதிரி. ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை, இந்த இரட்டைக் குளம்புக் கூட்டத்துக்கு மட்டுமே உள்ள அடையாளம். மேசோனிக்ஸ் கூட்டத்துக்குக் கிடையாது.

திமிங்கலத்துக்குத்தான் பின்னங்காலே இல்லையே, கணு எலும்புக்கு எங்க போறது? பாகிஸ்தானுக்கு. அங்கதான் கால் இருந்த காலத்துத் திமிங்கலங்கள் புதைஞ்சு கிடக்கு. 2001-ல ஜிஞ்சரிச், தெவிசன்னு ரெண்டு புதைபடிவ ஆய்வாளர்களோட குழுக்கள் தனித்தனியா அந்தக் கணு எலும்புகளை வெளியிட்டாங்க. ரெண்டு முனையிலயும் கப்பி! அதுவரைக்கும் மேசோனிக்ஸ் பக்கம் நின்ன ஜிஞ்சரிச்சே கட்சி மாறினார். எனக்கு அந்த மனுஷனை அதுக்காகவே பிடிக்கும்.

ஆண்ட்ரூசார்க்கஸையும் பின்னால மேசோனிக்ஸ் கூட்டத்துல இருந்து பிரிச்சு, நீர்யானை, திமிங்கலம் பக்கமா நகர்த்திட்டாங்க.

சரி, டைட்டில்ல இருக்கற பூனை எங்க?

ஜம்மு காஷ்மீர், ரஜௌரி பக்கம் காலாகோட். ரங்கா ராவ்னு ஒரு இந்தியப் புவியியலாளர் அங்கருந்து புதைபடிவப் பாறைகளைச் சேகரிச்சு, சில பல்லையும் தாடைத் துண்டையும் வெச்சு 1971-ல இந்தோஹியஸ்னு பேர் வெச்சார். மிச்சப் பாறை அப்படியே கிடந்துச்சு. அவர் காலத்துக்கு அப்புறம் அவர் மனைவி அதையெல்லாம் தெவிசன்கிட்ட ஒப்படைச்சாங்க. சுத்தம் பண்ணும்போது டெக்னீஷியன் கைதவறி ஒரு மண்டை ஓட்டை உடைச்சுட்டார். நம்ம ஊரா இருந்தா மெமோதான். ஆனா உடைஞ்ச இடத்துல காது எலும்பு தெரிஞ்சுது. ஒரு பக்கம் மட்டும் தடிச்சுப்போன கொட்டாங்குச்சியைக் கற்பனை பண்ணிக்கோங்க. உள்பக்கச் சுவர் அப்படித் தடிச்சிருக்கறது திமிங்கலக் கூட்டத்தோட முத்திரை!

இது 4.8 கோடி வருஷம் பழசு, பூனை அளவு, குளம்பு வெச்ச சின்ன விலங்கு. கால் எலும்பு நீர்யானைக்கு இருக்கற மாதிரி கனம், தண்ணிக்குள்ள மிதக்காம நடக்க. 2007-ல கட்டுரை வந்துச்சு.

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். டைட்டில்ல தாத்தான்னு போட்டது கிளிக்குக்காக. இந்தோஹியஸ் திமிங்கலத்தோட தாத்தா இல்ல, தாத்தாவோட பங்காளி. சப்ஸ்கிரைப் பண்ணினா மன்னிச்சதா எடுத்துக்கறேன்.

பூனை அளவு விலங்கு ஏன் தண்ணிக்குள்ள போகணும்? நம்ம சருகுமானைப் பாத்தா புரியும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுல இருக்கே, கொம்பில்லாம, பென்சில் பருமன் காலோட, அதேதான். அதோட ஆப்பிரிக்க உறவு ஒண்ணு, பருந்து வந்தா ஓடைக்குள்ள பாஞ்சு அடியில மறைஞ்சுக்கும். இலங்கை மலைநாட்டுல கீரி துரத்தின ஒரு சருகுமானும் குளத்துல இறங்கி முழுகினதைப் பாத்திருக்காங்க.

[காட்சி: குளம். மேல மூக்கு மட்டும்.]